செண்பகராஜின் வலது கை

பசுவந்தனை
20.4.2003

பூங்கொடிக்கு ஆறுமுகசாமி எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுதமாட்டேன் என்று அன்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுப் போன் செய்யாதே. எடுக்கமாட்டேன்.

உன் தம்பி செண்பகராஜ் போன கார்த்திகையில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் எரிந்து போனான். அவனோடு நம் தெரு சங்கிலிப்பாண்டியின் மனைவி சுடலைச்செல்வியும் போனாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. விசாரணை அதிகாரி எழுதிய அறிக்கை என் கைக்கு மாசியில்தான் வந்தது. அதில் ஒரு வரி இருக்கிறது. "மருந்து முக்கும் தொழிலாளி செண்பகராஜ், இருவர் சேர்ந்து இறக்க வேண்டிய மேல்தட்டுச் சட்டத்தை அவசரத்தில் தனியாக வலது கையால் இழுத்ததில் சட்டங்கள் உரசித் தீப்பற்றியது."

குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்தில் முக்கி, உலர்வதற்காகச் சுவரோரத்து இரும்புத் தட்டுகளில் வைப்பார்கள். மேல்தட்டு நல்ல உயரம். செண்பகராஜின் வலது முழங்கை பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடப்போய் முறிந்தது. நாட்டு வைத்தியர் கட்டியும் அது நேராக நிமிரவில்லை. கடைசிவரை கொக்கி போல் வளைந்தேதான் இருந்தது. அந்தக் கை மேல்தட்டுக்கு எட்டாது. எட்டாத கை எப்படி இழுக்கும்?

அந்த ஒரு வரியால் ஊரே அவனைக் கொலைகாரன் என்கிறது. சங்கிலிப்பாண்டி என் எஞ்சின் பட்டறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். அந்த வரியை அடிக்க வைக்காமல் நான் ஓயமாட்டேன். தூத்துக்குடியில் மறுவிசாரணை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன்.

நீ சென்னையில் கம்ப்யூட்டரில் மனித உருவங்களை நிற்க வைத்து, நடக்க வைத்து, கார்ட்டூன் படத்துக்குக் கொடுக்கிற வேலை பார்ப்பதாக உன் தம்பி சொல்லியிருக்கிறான். கோவில்பட்டிக் கம்ப்யூட்டர் சென்டரில் அது சம்பந்தமான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கை போய்ச் சேரும் இடத்தைச் சொன்னால், தோளும் முழங்கையும் எப்படி மடங்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். எனக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று சொன்னால் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று நான் சொல்லுவேன். யாரும் கற்றுக்கொடுத்து நான் எஞ்சின் பிரிக்கவில்லை.

செண்பகராஜின் அளவில் ஓர் உருவம் செய். அதன் கையை மேல்தட்டுக்கு அனுப்பு. எட்டவில்லை என்பது படமாக எனக்கு வேண்டும்.

ஆறுமுகசாமி

*

சென்னை
2.5.2003

அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு, நமக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அம்மா முந்திக்கொண்டாள். இப்போது தம்பியும் இல்லை.

போன் செய்யவில்லை. நீங்கள் சொன்னபடிதான். கார்த்திகையில் நான் வந்தபோதும் வாசலோடுதான் நின்றேன். "உள்ளே வா" என்று நீங்கள் சொல்லவில்லை. "போ" என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதையாவது சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க வேப்பமர நிழலில் நின்றுவிட்டு இரவு பஸ்ஸைப் பிடித்தேன். தம்பி இருந்திருந்தால் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்திருப்பான்.

கேட்டதைச் செய்கிறேன். நீங்கள் படித்தது சரிதான். இன்வர்ஸ் கினமாட்டிக்ஸ் என்பார்கள். ஆபீசில் சுருக்கமாக ஐ.கே. என்போம். முன்பெல்லாம் உருவத்தின் தோளைத் திருப்பி, பிறகு முழங்கையை மடக்கி, பிறகு மணிக்கட்டைத் திருப்பி, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஐ.கே.யில் கையை மட்டும் பிடித்து ஓர் இடத்தில் வைத்தால் போதும். தோள், இடுப்பு எல்லாம் அதற்கு ஏற்றாற்போல் தாமே வளைந்துகொடுக்கும். ஆனால் எந்த மூட்டு எவ்வளவு வளையலாம் என்று நாம் வரம்பு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழங்கால் ஆட்டின் பின்னங்கால் மாதிரி எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ளும். அதற்குத் தப்பு என்று தெரியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இது எட்டுமா எட்டாதா என்று மட்டும்தான் சொல்லும். என்ன நடந்தது என்று சொல்லாது.

அளவுகள் வேண்டும். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் நுனி, கால், இடுப்பு, தட்டின் உயரம், எல்லாம். முகம் வைக்கப்போவதில்லை. வெறும் சாம்பல் நிற உருவம்தான். முகத்தை என்னால் செய்ய முடியாது.

பூங்கொடி

*

பசுவந்தனை
11.5.2003

பூங்கொடிக்கு,

அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். செத்தவன் உடம்பை எப்படி அளந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். விசாரணையில் கேட்பார்கள். கை அவன் முழுக்கைச் சட்டையிலிருந்து. கால் அவன் சைக்கிள் சீட்டின் உயரத்திலிருந்து, அதை வைத்துக்கொடுத்தவன் நான். உயரம் ஆலையில் கொடுத்த அடையாள அட்டையிலிருந்து. முழங்கை எவ்வளவு நிமிரும் என்பதை, பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய எக்ஸ்ரே படத்தில் பாகைமானி வைத்துப் பார்த்தேன்.

தட்டின் உயரத்தைப் போன பங்குனியில் ஆலைக்குள்ளேயே போய் அளந்தேன். எரிந்த அறையைப் பூட்டாமல் அப்படியே போட்டிருந்தார்கள். முதலாளி வெளியூர் போயிருந்த நேரம். வாட்ச்மேன் பதறினார். "அண்ணாச்சி, எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டுப் போயிராதீங்க. இங்கன நீங்க வந்ததே எனக்குத் தெரியாது, ஆமா" என்று சொல்லிவிட்டு, டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அறையில் செருப்பு போடக் கூடாது. ஆகவே வெறுங்கால். பாதம் இரண்டையும் தரையில் ஆணி அடித்ததுபோல் வை.

முகம் வேண்டாம். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

வேப்பமரத்தடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். இது அதற்கான கடிதம் அல்ல.

ஆறுமுகசாமி

*

சென்னை
15.6.2003

அப்பாவுக்கு,

ஆபீஸ் வேலை முடிந்தபின் உட்கார்ந்து செய்தேன். எலும்பிலிருந்து கட்ட வேண்டும். தொடை எலும்பை வைக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. வலது முழங்கைக்கு வரம்பு வைத்தபோதுதான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த ஒரு மூட்டுக்கு மட்டும் வேறு எண் கொடுத்ததும் அது யாரோ ஒருவருடைய உருவமாக இல்லாமல் தம்பியாகிவிட்டது.

முடிவு நீங்கள் சொன்னதுதான். கையைத் தட்டுக்கு அனுப்பினேன். இடுப்பு சாய்ந்தது, தோள் ஏறியது, கை பாதியிலேயே நின்றுவிட்டது. பாதத்தை ஆணி அடித்ததுபோல் வைத்தால் உள்ளங்கை அளவு குறைகிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் குதிகாலைத் தூக்கியும் பார்த்தேன். அப்படியும் இரண்டு விரற்கடை குறைகிறது.

சி.டி. அனுப்பியிருக்கிறேன். அதில் கை திரும்பத் திரும்ப மேலே போய் எட்டாமல் கீழே இறங்கும். நீங்கள் தனியாக இருந்து பார்க்க வேண்டாம். யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி

*

பசுவந்தனை
24.6.2003

பூங்கொடிக்கு,

சி.டி. உடையாமல் வந்தது. தனியாகப் பார்க்கவில்லை. சங்கிலிப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டான். கம்ப்யூட்டர் சென்டரில் நின்றபடியே பார்த்தான்.

"இது யாரு மாமா?" என்றான்.

"செண்பகராஜ்."

"மூஞ்சியே இல்லியே."

"கையப் பாருடே. எட்டுதா?"

"பொம்மைக்கு எட்டல."

"பொம்மைக்கு எட்டலன்னா அவனுக்கும் எட்டாது. அளவு அவனுது."

"எம் பொண்டாட்டிக்கும் ஒரு பொம்ம செஞ்சு தரச் சொல்லுங்க மாமா ஒங்க மகள. கீழ குத்தவச்சு குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தாள்லா, அவளும் எந்திரிக்க எட்டுதான்னு பாப்போம்" என்றான். அந்த ஆளிடம் நியாயம் பேசிப் பயனில்லை. என் காரியம் அதிகாரியிடம்தான்.

வேறு ஒரு தொந்தரவும் வந்தது. தீப்பிடித்த அன்று அந்த அறை வாசலில் பெட்டி சுமந்து நின்ற பொன்மணி என்ற பிள்ளை பட்டறைக்கு வந்தாள். இப்போதும் அதே முதலாளியின் இன்னொரு ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். "பெரியப்பா, அண்ணன் கை மேல இருந்திச்சு, நாம் பாத்தேன்" என்று ஆரம்பித்தாள். கை மேலே இருந்தது என்று சொல்கிற சாட்சி எனக்கு எதற்கு? "நீ பார்த்தது புகை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதலாளிதான் தூண்டிவிட்டிருக்க வேண்டும்.

விசாரணை கார்த்திகைக்குள் வரும் என்று என் வக்கீல் பூவனநாதன் சொல்கிறார்.

ஆறுமுகசாமி

*

சென்னை
3.8.2003

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பொன்மணி என் ஆபீசுக்குப் போன் செய்தாள். தம்பி எப்போதோ கொடுத்த நம்பராம். டெலிபோன் பூத்தில் பின்னால் யாரோ அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அண்ணன் இழுக்கல. மேல்தட்டு முட்டுக்கம்பி ஆடிக்கிட்டே கெடந்துச்சு, பல தடவ சொல்லியும் அவிய மாத்தல. சட்டம் தானா சரிஞ்சு வந்துச்சு. அண்ணன் ஒத்தக் கையால அத முட்டுக்கொடுத்து நின்னாவ. 'ஏட்டி சுடல, எந்திச்சு வெளிய போட்டி'ன்னு சத்தம் போட்டாவ. அவ என்னன்னு நிமுந்து பாத்தா. அதுக்குள்ள கை நழுவிட்டு. பெரியப்பாட்ட சொல்லப்போனா, நீ பொகையப் பாத்தேங்காவ. பொகைக்கு முந்தி நடந்தத எப்படிக்கா பொகைன்னு சொல்லுதாவ?"

போனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டாத கை எப்படித் தாங்கும்? நானே செய்த படம் அவள் பொய் சொல்வதாகச் சொல்கிறது. பிறகு உங்கள் அளவுத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டை அளந்தது பங்குனி. தம்பி போனது கார்த்திகை.

அப்பா, நான் உருவத்தின் பாதத்தைத் தரையில் ஆணி அடித்தேன். தரையைப் பற்றி யோசிக்கவில்லை. உங்கள் தாளிலேயே குறித்திருக்கிறீர்கள், அந்த அறையின் தூண்களும் தட்டுகளும் மண்ணுக்கு அடியிலுள்ள சுக்கான்பாறைவரை தோண்டி நட்டவை. அசையாது. தரை மட்டும் கரிசல் மேல் போட்ட சிமெண்டுத் தரை. பங்குனியில் மண் வெடித்து இறங்கிக் கிடக்கும். ஐப்பசி மழை குடித்தால் கார்த்திகையில் ஊதி மேலே ஏறும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மழைக்கும் கிணற்றங்கரை எஞ்சின் மேடை சாய்ந்துவிட்டதென்று உங்களைக் கூட்டிப்போக ஆள் வருமே. நீங்கள் மட்டம் வைத்துத் தகடு சொருகிவிட்டு வருவீர்களே.

தரையை மூன்று விரற்கடை ஏற்றினேன். குதிகாலைத் தூக்கினேன். கை எட்டுகிறது. முழுதாகப் பிடிக்க எட்டவில்லை. விளிம்பில் விரலை மாட்டவோ, உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கவோ எட்டுகிறது.

இழுத்தாலும் தாங்கினாலும் கை அதே இடத்தில்தான் இருக்கும். உருவம் ஒரே மாதிரிதான் நிற்கும். எது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. பொன்மணி சொல்லுவாள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவை மாற்றச் சொல்லுங்கள். எட்டவில்லை என்பதை விட்டுவிட்டு, தாங்கினான் என்று எழுதச் சொல்லுங்கள். புதுப் படத்தை அனுப்புகிறேன்.

அவன் சுடலையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், அப்பா.

பூங்கொடி

*

பசுவந்தனை
10.8.2003

பூங்கொடிக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை.

நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு கோவில்பட்டியில் தரை ஏறியதைப் பார்த்தாயா? எத்தனை விரற்கடை ஏறியது என்று உனக்கு யார் சொன்னது? ஒரு விரற்கடை ஏறியிருந்தால்? ஏறாமலே இருந்திருந்தால்? நான் டேப் வைத்து அளந்தது கணக்கு. நீ சொல்வது ஊகம்.

நீ சின்னப்பிள்ளை மாதிரி யோசிக்கிறாய். கை எட்டும் என்று நாமே ஒத்துக்கொண்டால், இழுத்தானா தாங்கினானா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் பக்கம் முதலாளி இருக்கிறான், அறிக்கை எழுதிய அதிகாரி இருக்கிறான். நம் பக்கம் ஒரு கூலிக்காரப் பிள்ளை. நாளைக்கு முதலாளி முறைத்தால் நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடும். கை எட்டவே இல்லை என்று நின்றால் கேள்விக்கே இடமில்லை. அளவு யாருக்கும் பயப்படாது. ஆள் பயப்படும்.

பொன்மணி வீட்டுக்குப் போய் அவள் அம்மா முத்துமாரியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன், பிள்ளையை விசாரணைப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்று.

முதல் சி.டி. என்னிடம் இருக்கிறது. அது போதும். நீ வந்து அதைச் செய்தவள் நான்தான் என்று சொன்னால் போதும்.

ஆறுமுகசாமி

*

சென்னை
21.8.2003

அப்பாவுக்கு,

வரமாட்டேன். அந்தப் படம் பங்குனி மாதத்துத் தரைக்குச் செய்தது. கார்த்திகையில் இப்படித்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

தம்பிமேல் உங்களுக்குள்ள அக்கறை எனக்கு இல்லை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். அவன் செய்த ஒரே பெரிய காரியத்தை, அவன் செய்யவே முடியாது என்று நிரூபிக்கப் போகிறீர்கள். அதற்கு என்னால் துணை வர முடியாது.

பொன்மணியை மட்டும் தடுக்காதீர்கள். உங்களிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூடக் கெஞ்சவில்லை.

பூங்கொடி

*

பசுவந்தனை
30.11.2003

பூங்கொடிக்கு,

விசாரணை முடிந்தது. வரி அப்படியே இருக்கிறது. நீ கேட்கவில்லை. இருந்தாலும் நடந்ததை நான் எழுதாமல் விட்டால் வேறு யாராவது கூட்டிக் குறைத்துச் சொல்லுவார்கள்.

படத்தைப் போட்டுக் காட்டினோம். அதிகாரி இரண்டு தரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை இருந்தது. அப்போது ஆலைத்தரப்பு வக்கீல் எழுந்தான். புதூர்ப் பக்கத்துக்காரன், கரிசல்காட்டில் பிறந்தவன். "அண்ணாச்சி, எந்த மாசம் அளந்தீங்க?" என்றான். பங்குனி என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஒங்க வீட்டுக் கதவு கார்த்திகையில சாத்துமா?"

"சாத்தும்."

"எங்க வீட்டுல எல்லாம் தரை ஏறி இடிச்சுக்கிடும், பாதி தொறந்தேதான் கெடக்கும். ஒங்களுக்கு மட்டும் எப்படிச் சாத்துது?"

"கதவுக்கு அடியில தேச்சு ராவி வச்சிருக்கேன்" என்றேன்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பூவனநாதன் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில்தான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

அதோடு முடியவில்லை. பின்வரிசையிலிருந்து பொன்மணி எழுந்து நின்றாள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள். யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து உன்னிடம் சொன்னதை அங்கேயும் சொன்னாள். கையை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி நின்று காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வக்கீல் அவளை அதட்டக்கூட இல்லை. மெதுவாகத்தான் கேட்டான். "நீ கை மேல இருந்துச்சுங்கிற. பெத்த தகப்பனாரு, கை அங்க போகவே போகாதுன்னு படம் பிடிச்சுக் கொண்டாந்திருக்காரு. நீ சொல்லுதது நெசமா, அவரு சொல்லுதது நெசமா?" அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் என் மனுவில் உள்ளதைத்தான் சொல்ல முடியும். அதைத்தான் சொன்னேன். ஒரே தரப்பில் இரண்டு கதை இருப்பதால் எதையும் ஏற்க முடியவில்லை என்று அதிகாரி எழுதிவிட்டார்.

வெளியே டீக்கடையில் சங்கிலிப்பாண்டி நின்றான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகத் தானாகவே என் முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டானாமே மாமா. 'வெளிய போட்டி'ன்னானாமே."

நான் டீக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அத ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு வருசமா அவனத் திட்டிக்கிட்டுல்லா சோறு திங்கேன்."

அவன் போய்விட்டான். திரும்பும்போதும் ஒரே பஸ்தான்.

மேல்முறையீடு செய்வேன். அளவு சரியாக இருந்தால் போதும். இப்போது கார்த்திகைதான். தரையை அளக்கப் போனேன். அந்த அறையை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

ஆறுமுகசாமி

*

சென்னை
8.12.2003

அப்பாவுக்கு,

நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதி உங்களைக் குத்த எனக்கு மனம் வரவில்லை.

பொன்மணிக்கு வேலை போய்விட்டதாகத் தெரிந்தது. இங்கே வந்துவிடச் சொன்னேன். அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். முடிந்தால் அவளைப் பாருங்கள்.

மேல்முறையீட்டுக்கு நான் படம் செய்துதர மாட்டேன். அந்த உருவம் இன்னும் என் மிஷினில்தான் இருக்கிறது. அழிக்க வேண்டியதுதான், மிஷினில் இடம் போதவில்லை என்று ஆபீசில் சத்தம் போடுகிறார்கள். காலையில் வந்து திறந்தால், கடைசியாக வைத்த மாதிரியே கையைத் தூக்கித் தட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தட்டு, சுவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அப்படியும் எதையோ தாங்கிக்கொண்டு நிற்கிறது. அழிக்க முடியாமல் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.

பூங்கொடி

*

பசுவந்தனை
16.12.2003

பூங்கொடிக்கு,

அவன் தாங்கினான் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்தான் என்பதையும் ஒத்துக்கொள்ளவில்லை. என் மனு அப்படியேதான் நிற்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.

அந்த உருவத்தின் கையை இறக்கிவிடு.

மழை விடாமல் பெய்கிறது. இந்த ஈரத்துக்கு அவன் முழங்கை வலிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ராத்திரியில் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுவாள் உன் அம்மா. அது பொம்மை என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றும் விளக்கி எழுத வேண்டாம். இறக்கிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆறுமுகசாமி

*

சென்னை
22.12.2003

அப்பாவுக்கு,

இன்று அதற்காகவே சீக்கிரம் வந்தேன். கையை அந்த உயரத்திலிருந்து விடுவித்தேன். அது இறங்கவில்லை. ஐ.கே.யில் அப்படித்தான். விட்டுவிட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். அந்தக் கை போய்ச் சேர வேண்டிய வேறு இடம் ஒன்றை நான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மற்ற எல்லா மூட்டும் தானே இறங்கிவிடும்.

எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டேன். வேறு யாரோ மாதிரி இருந்தது. இடுப்பில் வைத்தேன். அவன் இல்லை. எனக்குத் தெரிந்த செண்பகராஜ் அரைக்கால் சட்டை போட்டவன். நான் படிக்க வந்தபிறகு பெரியவனானவனை உங்களுக்குத்தான் தெரியும். வேலை முடிந்து வந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையை எங்கே வைத்திருப்பான்? எழுதுங்கள். அங்கே வைத்துவிடுகிறேன்.

பூங்கொடி

*

பசுவந்தனை
2.1.2004

பூங்கொடிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பட்டறையில் வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இல்லை.

அவன் சட்டையின் கை நீளம் எனக்குத் தெரியும். சைக்கிள் சீட்டின் உயரம் தெரியும். முழங்கை எத்தனை பாகை நிமிரும் என்று தெரியும். ஆலையிலிருந்து வந்து எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுவான், எத்தனையோ வருஷம். சாப்பிட்டு முடித்துக் கழுவிய பிறகு அந்தக் கையை எங்கே வைத்திருந்தான் என்று உட்கார்ந்து யோசித்தேன். அவன் உட்காரும் இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

மத்தியானச் சோற்றுக்கு ஆலையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொன்மணி. நாளை காலை பஸ்ஸில் போய் அவளைக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை அழித்துவிடாதே.

ஆறுமுகசாமி